கம்பியின்றி வந்து சேரும் புகைப்படம்

ஊராட்சியொன்றில் குளம் தூர் எடுக்கப்படுகிறது என்று வைத்துக்கொள்வோம். வேலை தொடங்குமுன் ஒரு படம், நடைபெறும்போது ஒரு படம், முடிந்தபின் ஒரு படம் என மூன்று படங்கள் கோப்பில் இருத்தல் வேண்டும் என்பது கிராமப் பணியில் ஈடுபட்டோர் யாவரும் அறிந்த வழக்கமாகும். இம்மூன்றில் நடுப்படம் தவறினால் மறுநாள் எடுத்துக்கொள்ளலாம். கடைசிப் படம் தவறினால் அடுத்த வாரம் சென்று எடுத்து வரலாம். முதற்படம் தவறிவிட்டால் என் செய்வது? தூர் எடுத்த குளத்தை மீண்டும் மண்ணிட்டுத் தூர்த்துவிட்டா படம் எடுக்க இயலும்?

நெய்வேலியை அடுத்த ஊர் ஒன்றில் இவ்விதம் நேர்ந்ததற்கு நாமே சாட்சி, ஓரளவுக்குக் குற்றவாளியுங்கூட. கோடையில் ஒருநாள் காலை, கருவேல் மண்டிக் கிடந்த குளத்தை நான்கு கரைகளிலிருந்தும் நமது டிஜிட்டல் காமிராவில் படம் எடுத்தோம். காமிராவின் உள்ளிருக்கும் சிறு நினைவு அட்டையைக் கழற்றி, படங்களைத் தாளில் அச்சிட்டுத் தருமாறு கணினி மையம் ஒன்றில் கொடுத்தோம். அங்கிருந்த கணினியில் ஏற்கெனவே வைரஸ் புகுந்திருந்தது போலும். அட்டையிலிருந்த கோப்புறைகள் யாவும் வெறும் குறிகளாக மாறி நின்றன, திறந்தால் ஒன்றுமில்லை. அட்டை கெட்டுவிட்டது என்றெண்ணிய ஊழியர் அதனைச் சுத்தமாகத் துடைத்துத் தந்தார். அப்பொழுதும் படங்களை மீட்க வழி இருந்தது. துடைக்கப்பட்ட அட்டையிலும் பழைய பதிவுகள் சிறிது காலம் மறைந்து கிடக்கும். அவற்றை மீட்டுத் தரும் மென்பொருள்கள் உள்ளன. ஆனால் நாமோ அன்று மாலையே அதே அட்டையில் கூட்டமொன்றின் படங்களை எடுத்துத் தள்ளினோம். மறைந்து கிடந்த குளத்தின்மேல் மாலை அணிவித்தலும் நன்றி நவிலலும் பதிந்தன.

அட்டையைக் கழற்றாமலே, கம்பி எதுவும் கொளுவாமலே, எடுத்த இடத்திலேயே படத்தைக் கைபேசிக்கோ கணினிக்கோ அனுப்பிவிடும் சாதனத்தைப் பற்றி அன்று முதல் நாம் கருத்துடன் அறியலானோம். அறிந்தவற்றைக் கிராம அன்பர்களுக்கு எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

நெய்வேலியில் 1957 மே 20-ஆம் நாள் பிரதமர் ஜவாஹர்லால் நேரு சுரங்கப் பணியைத் தொடங்கி வைத்த காலத்தில், புகைப்படம் என்றால் பிலிம் சுருள். அதனை இருட்டறையில் வைத்து மருந்து நீரில் கழுவி, உலர்த்தி, தாளில் அச்சிட்ட பின்னரே படம் கண்ணுக்குத் தெரியும். அன்றைய தென் ஆற்காடு மாவட்டத்து மூலையிலிருந்து சென்னைக்கு ஒரு படம் போக வேண்டுமாயின் ரயிலோ, காரோ, தபாலோதான் சுமந்து செல்லும். கம்பி வழியாகவும் வானொலி வழியாகவும் படம் அனுப்பும் பெரும் இயந்திரங்கள் உலகின் பெரும் பத்திரிகை நிறுவனங்களிடம் இருந்தன. சாதாரண மனிதனுக்கு அவற்றோடு தொடர்பில்லை.

படத்தைக் காற்றில் அனுப்புதல் எவ்வாறு கூடும்? புள்ளிக் கோலத்தை நினைத்துக்கொண்டால் போதுமானது. டிஜிட்டல் காமிராவில் பதியும் படம் லட்சக்கணக்கான புள்ளிகளால் ஆனது. ஒவ்வொரு புள்ளியும் எவ்வளவு வெளிச்சம், என்ன நிறம் என்பது எண்ணாகக் குறிக்கப்படுகிறது. எண் என்று ஆகிவிட்ட பின் அதனை ஒன்று, சுன்னம் என்ற இரண்டே குறிகளால் எழுதிவிடலாம். அக்குறி ஒவ்வொன்றுக்கும் பிட் என்று பெயர். இந்தக் குறிகளின் வரிசைப்படி வானொலி அலையைச் சிறிது சிறிதாக மாற்றி மாற்றி அனுப்பினால், மறுமுனையில் உள்ள கருவி அம்மாற்றங்களைப் படித்து, எண்களை மீட்டு, புள்ளிகளை அடுக்கிக் கோலத்தைத் திரும்பப் போட்டுவிடும்.

இதனை வெகு தொலைவிலிருந்து செய்து காட்டியது அமெரிக்காவின் மாரினர்-4 என்னும் விண்கலம். 1965 ஜூலையில் அது செவ்வாய்க் கிரகத்தைக் கடந்து சென்றபோது எடுத்த ஒவ்வொரு படத்திலும் 200 வரிசை, வரிசைக்கு 200 புள்ளி, புள்ளிக்கு 6 பிட். ஆக 2,40,000 பிட்கள். விநாடிக்கு எட்டு பிட்டுக்குச் சற்று மேலான வேகத்தில் அவை பூமிக்கு வந்தன. ஒரு படம் வந்து சேர எட்டு மணி நேரம்! கணினி படத்தை உருவாக்கித் தரும் வரை காத்திருக்கப் பொறாத பொறியாளர்கள், வந்த எண்களைக் காகித நாடாவில் அச்சிட்டுச் சுவரில் ஒட்டி, எண்ணுக்கொரு வண்ணமாகத் தங்கள் கையாலேயே தீட்டிப் பார்த்தனர். நம் வீட்டுப் பெண்டிர் அதனைக் கண்டிருந்தால் கோலம் என்றே கூறியிருப்பர்.

இன்று சாதாரணமாக விற்கும் 24 மெகாபிக்சல் காமிராவின் ஒரு படம் ஏறத்தாழ 10 மெகாபைட், அதாவது எட்டுக் கோடி பிட். மாரினர் அனுப்பிய வேகத்தில் அனுப்பினால் அது வந்து சேர 111 நாட்கள் ஆகும். காமிராவின் கம்பியில்லா அனுப்பி, சுமாரான நிலையில், நான்கைந்து விநாடிகளில் அனுப்பி முடிக்கிறது.

டிஜிட்டல் காமிராவின் பிறப்பும் எளிமையானதே. 1975-இல் கோடாக் நிறுவனத்தில் ஸ்டீவன் சாஸன் என்னும் இளம் பொறியாளர் அமைத்த முதற்காமிராவில் 10,000 புள்ளிகளே உண்டு. ஒரு கறுப்பு வெள்ளைப் படத்தைக் காஸெட் நாடாவில் பதிக்க அதற்கு 23 விநாடி தேவைப்பட்டது. பின்னர் காமிராக்கள் பெருகின. பத்திரிகைப் படக்காரருக்கென 2003-இல் நிக்கான் நிறுவனம் காமிராவின் அடியில் மாட்டும் கம்பியில்லா அனுப்பியை வெளியிட்டது. கானன் நிறுவனமும் அவ்வாறே செய்தது. விளையாட்டு மைதானத்திலிருந்தே படம் பத்திரிகை அலுவலகம் சேர்ந்தது. 2007-இல் ஐ-ஃபை என்ற பெயரில் நினைவு அட்டைக்குள்ளேயே அனுப்பியை அடக்கிய விந்தைப் பொருள் விற்பனைக்கு வந்தது. தபால் தலையளவுள்ள ஓர் அட்டைக்குள் ஒரு வானொலி நிலையம்! அதன் பின் காமிராவினுள்ளேயே அனுப்பி அமையும் வழக்கம் பரவி, தனி அனுப்பி வாங்க வேண்டிய அவசியம் பெரும்பாலும் நீங்கியது.

இங்கே ஓர் எச்சரிக்கை. பழைய பொருளை மலிவாக வாங்குவோர் கவனிக்க வேண்டும். அவ்வட்டைகளில் பல, நிறுவனத்தின் இணையச் சேவையையும் மென்பொருளையும் நம்பி வேலை செய்தவை. ஐ-ஃபையின் பழைய வகை அட்டைகளுக்கு 2016-இல் அச்சேவை நிறுத்தப்பட்டது. அட்டை பழுதின்றி இருந்தும் ஆதரவற்றுப் போயிற்று. ஏர் நன்றாயிருந்தும் கொழு கிடைக்காத கதைதான்.

இக்கருவிகள் பயன்படுத்தும் அலை, வைஃபை என வழங்கும் அதே அலையாகும். பெரும்பாலும் 2,400 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் இயங்கும். அலையின் நீளம் ஏறக்குறைய 12 சென்டிமீட்டர், ஒரு சாணுக்கும் குறைவு. வானொலிப் பெட்டி வைத்துக்கொள்ளவே தபால் நிலையத்தில் உரிமம் எடுத்த காலத்தை மூத்தோர் நினைவுகூர்வர். அனுப்பி வைத்திருப்பதற்கு உரிமம் வேண்டாமா என்று அவர்கள் வினவினால், வேண்டாம் என்பதே விடை. 2,400 முதல் 2,483.5 மெகாஹெர்ட்ஸ் வரையிலான அலைவரிசையில் இயங்கும் குறைந்த சக்திக் கருவிகளுக்கு உரிமம் தேவையில்லை என 2005-இல் மத்திய அரசு அறிவித்தது. காமிராவின் அனுப்பி ஒரு வாட்டில் மிகச் சிறிய பங்கு சக்தியையே வெளியிடுவதால் அது அந்த வரம்பினுள் அடங்கியதே.

சக்தி குறைவாதலால் தூரமும் குறைவு. திறந்த வெளியில் இருபது முப்பது மீட்டர் வரை தடையின்றிச் செல்லும். இடையில் செங்கற்சுவர் வந்தால் தளரும். இரும்புப் பீரோவோ தகரக் கூரையோ வந்தால் பெரிதும் தடைப்படும். நீரும் இவ்வலையை விழுங்கும். ஆகவே மழை நின்ற பின் முந்திரித் தோப்பில் ஈர இலைகளினூடே அனுப்புவது கடினம். மனித உடலும் பெரும்பகுதி நீரே அன்றோ! காமிரா மார்பிலும் கைபேசி முதுகுப் பையிலுமாக இருந்தால், எடுத்தவரின் உடலே நடுவில் சுவராக நிற்கும். இது தெரியாமல் நாம் ஒருமுறை காமிராவைப் பழித்துக்கொண்டிருந்தோம்.

பயன்படுத்தும் முறையைச் சொல்வோம். காமிராவின் பட்டியலில் கம்பியில்லா இணைப்பு என்ற பகுதியைத் திறந்து இயக்க வேண்டும். அப்பொழுது காமிரா தானே ஒரு சிறு நிலையமாகி, தனக்கொரு பெயரையும் கடவுச்சொல்லையும் திரையில் காட்டும். கைபேசியில் வைஃபை பட்டியலைத் திறந்தால் அப்பெயர் தென்படும். அதனைத் தெரிந்தெடுத்துக் கடவுச்சொல்லை இட வேண்டும். பின்னர், காமிரா நிறுவனம் இலவசமாகத் தரும் செயலியைத் திறந்தால், காமிராவிலுள்ள படங்கள் சிறு சிறு கட்டங்களாகத் தோன்றும். வேண்டியவற்றைத் தொட்டு இறக்கிக்கொள்ளலாம். காமிராவும் கைபேசியும் நேருக்கு நேர் பேசிக்கொள்வதால், கைபேசிக் கோபுரமோ இணையமோ இதற்குத் தேவையில்லை. கிராமத்தார் இதனை முக்கியமாக உணர்தல் வேண்டும். வலை எட்டாத ஏரிக்கரையிலும் படம் காமிராவிலிருந்து கைபேசிக்கு வந்துவிடும். அங்கிருந்து ஊருக்கு வெளியே அனுப்புவதற்குத்தான் வலை வேண்டும். செயலியை மட்டும் வலை உள்ள இடத்தில் முன்கூட்டியே இறக்கி வைத்துக்கொள்ள வேண்டும்.

புதிதாக முயல்வோர் பெரும்பாலும் இடறி விழும் இடம் ஒன்று உண்டு. காமிராவோடு இணைந்தவுடன், இந்த இணைப்பில் இணையம் இல்லை என்று கைபேசி முறையிடும். சில கைபேசிகள் சொல்லாமலே அதனை விட்டு விலகி மொபைல் இணையத்துக்குத் தாவிவிடும். இணைப்பில் நீடிக்கலாமா என்று கேட்டால் ஆம் என்று கூற வேண்டும். தாவும் பழக்கமுள்ள கைபேசியில் மொபைல் இணையத்தைச் சற்று நேரம் நிறுத்தி வைக்க வேண்டும். செயலி இருப்பிட அனுமதியும் கேட்கும். அதனை மறுத்தால் பல ஆண்ட்ராய்டு கைபேசிகளில் காமிராவைக் கண்டுபிடிக்கவே இயலாது.

அனுப்பும்போது படம் நடுவே சிதைந்துவிடாதா என்று ஐயுறுவோர் உண்டு. படம் ஒரே மூட்டையாகச் செல்வதில்லை. எண்ணிட்ட சிறு பொட்டலங்களாகச் செல்கிறது. முன்பு பதிவுத் தபாலுக்கு ஒப்புகை அட்டை திரும்பி வந்தது போல, ஒவ்வொரு பொட்டலமும் கிடைத்ததென மறுமுனை தெரிவிக்கும். ஒப்புகை வராத பொட்டலம் மறுபடி அனுப்பப்படும். தூரம் கூடினால் வேகம் குறைவதற்கு இவ்வாறு திரும்பத் திரும்ப அனுப்ப நேர்வதும் ஒரு காரணம். இதைவிட முக்கியமானது, அனுப்பப்படுவது நகல் மட்டுமே என்பது. மூலப்படம் காமிராவின் அட்டையிலேயே இருக்கிறது. நம் குளத்துப் படங்கள் போனதற்கு எதிர்மாறான நிலை இது: ஒரு நிமிடத்தில் ஒரு படம் இரண்டு இடங்களில் இருக்கிறது.

சில செயலிகள் தாமாகவே படத்தைச் சுருக்கி அனுப்பும். நிக்கானின் ஸ்நாப்பிரிட்ஜ், புளூடூத் வழியே தானாக அனுப்பும்போது இரண்டு மெகாபிக்சல் அளவுக்குக் குறைத்தே அனுப்புகிறது. செய்தி தெரிவிக்க அது போதும். ஆவணமாக வைக்க வேண்டிய படத்துக்கு மூல அளவு என்பதைத் தெரிந்தெடுக்க வேண்டும். அவ்வாறு பெற்ற படத்தை வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் அது மீண்டும் சுருங்குவதோடு, எடுத்த தேதி, நேரம், இடம் ஆகிய உட்குறிப்புகளும் நீங்கிவிடும். கோப்பாக இணைத்து அனுப்பினால் அவை நிலைத்திருக்கும். காமிராவின் கடிகாரம் சரியாக இருக்கிறதா என்று பார்க்காமல் படம் எடுப்பதும் பெருந்தவறு. மின்கலம் மாற்றியபின் தேதி பின்னோக்கிப் போய்விட்ட காமிராவில், பருவமழைக்குப் பின் எடுத்த படம் சில ஆண்டுகளுக்கு முன் எடுத்ததாகக் காட்டும். தணிக்கையாளர் அதனைக் கண்டால் விளக்கம் கேட்பது நியாயமே.

கம்பியில்லா முறை எல்லாவற்றிற்கும் சிறந்தது என்று நாம் கூறமாட்டோம். முந்நூறு படங்களை மூல அளவில் அனுப்ப இருபது நிமிடத்துக்கு மேல் ஆகும். காமிராவின் மின்கலமும் விரைந்து தீரும். அத்தகைய சந்தர்ப்பத்தில் சொந்தக் கணினியும் ஒரு கம்பியுமே மேல். காணொளிக்கும் அப்படியே. எடுத்த இடத்திலேயே ஐந்தாறு முக்கியப் படங்களைக் காப்பாற்றிக்கொள்ளத்தான் இந்த அனுப்பி நிகரற்றது.

எந்தப் படங்கள் முக்கியமானவை? கடலூர் மாவட்டத்தார்க்கு இதனை விளக்க வேண்டியதில்லை. 2011 டிசம்பர் 30-ஆம் நாள் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்தபோது, பண்ருட்டி, குறிஞ்சிப்பாடிப் பகுதிகளில் தலைமுறைகளாக நின்ற முந்திரியும் பலாவும் வேரோடு சாய்ந்தன. மின்சாரம் பல நாட்கள் இல்லை. விழுந்த மரத்தை வெட்டி அகற்றினால்தான் வழி உண்டு. அகற்றிவிட்டாலோ, எத்தனை மரம் நின்றது என்பதற்குக் கண்கண்ட சான்று குறைகிறது. புயலுக்கு முன் தோப்பு இருந்த நிலையைக் காட்டும் படம் எத்தனை குடும்பங்களிடம் இருந்திருக்கும்?

சுரங்கத்துக்கு நிலம் அளிக்கும் கிராமங்களிலும் நிலைமை இதுவே. நெய்வேலியின் மின்சாரம் தமிழகத்துக்கும் அண்டை மாநிலங்களுக்கும் ஒளி தருகிறது. அதன் பொருட்டு ஊரையே விட்டு எழுந்து சென்ற குடும்பங்கள் பல. வீடு, கிணறு, மரம், பயிர் இவற்றின் மதிப்பு கணக்கிடப்படும் நாளில் அவை இருந்த நிலை யாது என்பதே கேள்வி. 2023 ஜூலையில் வளையமாதேவியில் பரவனாற்று மாற்று வாய்க்காலுக்காக நின்ற நெற்பயிரின் நடுவே இயந்திரங்கள் இறங்கியபோது, அக்காட்சிகள் கைபேசிகளின் வழியே அன்றே தமிழகமெங்கும் பரவின. பயிர் இழப்பீடு குறித்த விவகாரம் உயர்நீதிமன்றம் வரை சென்றது. நிலம் கொடுப்பதா கூடாதா என்பது வேறு விவாதம். அதனுள் நாம் இங்கே புகவில்லை. எந்தத் தரப்பின் கணக்காயினும், தேதியோடு கூடிய படம் இருக்குமாயின் வாதம் சுருங்கும் என்பதே நமது கருத்து. நல்ல காரியத்துக்கும் அது பொருந்தும். சுரங்கத்துப் பக்கமிருந்து அடித்து வரப்பட்ட மண்ணால் மேடிட்டுப் போயிருந்த வாலாஜா ஏரி பின்னர் தூர் எடுக்கப்பட்டு மீண்டும் நீர் தேங்கியது. இன்று அங்கே பறவைகளைப் பார்க்கும் சிறுவனுக்கு, முன்னிருந்த மேட்டைப் படமின்றி எவ்வாறு விளக்குவது?

படம் எடுக்கும் ஆர்வத்தில் விதியை மறத்தலும் கூடாது. சுரங்கமும் அனல் மின் நிலையங்களும் மத்தியத் தொழிற் பாதுகாப்புப் படையின் காவலில் உள்ளவை. அங்கே அனுமதியின்றிக் காமிராவைத் திறக்கலாகாது. நகரியத்தின் நிழற்சாலைகளில் அத்தகைய கஷ்டம் இல்லை. ஆனால் அடுக்கடுக்காக வீடுகள் அமைந்த வட்டங்களில் ஒவ்வொரு வீட்டிலும் வைஃபை இருப்பதால், ஒரே அலைவரிசையில் பலர் கூடிப் பேசும் சந்தை இரைச்சல் உண்டாகிறது. அங்கே ஆமை வேகத்தில் வந்த படம், நகர எல்லை தாண்டிய வயல்வெளியில் பறந்து வந்ததை நாம் கண்டிருக்கிறோம்.

காமிராப் படம் செல்லாத இடங்களும் உண்டு. அவற்றையும் சொல்லிவிடுவது கடமை. 2016-இல் தொடங்கிய பிரதம மந்திரி ஊரக வீட்டு வசதித் திட்டத்தில், வீட்டின் கட்டுமானம் நிலைக்கு நிலை இடக்குறிப்புடன் படம் எடுக்கப்பட்ட பின்னரே தவணை விடுவிக்கப்படும். அப்படம் அத்திட்டத்துக்குரிய செயலியிலேயே எடுக்கப்பட வேண்டும். மகாத்மா காந்தி ஊரக வேலை உறுதித் திட்டப் பணிகளிலும், இருபது பேரோ அதற்கு மேற்பட்டோரோ உள்ள பணித்தளங்களில் 2022 மே மாதமும், பிற பணித்தளங்களில் 2023 ஜனவரி 1 முதலும், நாளுக்கு இருமுறை செயலியில் படம் எடுத்து வருகையைப் பதிவு செய்தல் கட்டாயமாக்கப்பட்டது. வலை கிடைக்காத ஏரிக்கரையில், வெயிலில் வேலை செய்து முடித்த பெண்கள், படம் ஏறியதா என்று பணித்தளப் பொறுப்பாளரின் முகத்தைப் பார்த்து நின்ற காட்சி நம் நெஞ்சை விட்டு அகலவில்லை. அவர்களுக்கு அந்தப் படம் ஒரு நாள் கூலி. இத்தகைய செயலிகளுக்காக எவ்வளவு சிறந்த காமிராவை வாங்கினாலும் பயனில்லை. நல்ல கைபேசியும், வலை கிடைக்கும் மேட்டை முன்கூட்டியே அறிந்து வைத்தலுமே உதவும்.

இறுதியாக, இணைப்பின் கடவுச்சொல்லைப் பற்றி ஒரு வார்த்தை. காமிரா முதன்முதல் தரும் கடவுச்சொல்லை மாற்றிக்கொள்ளும் வசதி இருந்தால் மாற்றிவிட வேண்டும். வேலை முடிந்ததும் அனுப்பியை அணைத்துவிட வேண்டும். கைபேசியில் நகல் வந்துவிட்டது என்று அட்டையை உடனே துடைப்பதும் கூடாது. ஒவ்வொரு படத்தையும் திறந்து, பெரிதாக்கிப் பார்த்து, ஊராட்சி அலுவலகக் கணினியில் ஊர்ப் பெயர், பணியின் பெயர், தேதி மூன்றையும் இட்டு ஒரு நகல் சேர்த்து, வேறொரு கட்டிடத்தில் மற்றொரு நகல் வைத்த பின்னரே அட்டையைக் காலி செய்கிறோம். அந்தக் குளத்துக்குப் பின் நமது காமிராவில் அட்டைகள் இரண்டு. ஒன்று பணிகளுக்கு, மற்றொன்று கூட்டங்களுக்கு.